ஆமை புகுந்த வலை

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது பழமொழி.

பழவேற்காட்டில் ஆமை வீட்டுக்குள் புகுவதில்லை. வலைக்குள் புகுகிறது. வலை கிழிந்தால் தொழில் போச்சு. தொழில் போனால் கடன். கடன் ஏறினால் அமீனாவுக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. அவனே வந்துவிடுவான்!

வாயில்லா ஜீவனைக் காப்பாற்றுவது புண்ணியம். அதற்குத் தர்மப் பணம் கொடுப்பதும் புண்ணியம். ஆனால் அந்தப் பணம் யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும்?

கேள்வி அதுதான்.

பங்குனி ஆமை

கும்மிடிப்பூண்டி மின்சார ரெயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்குப் பொன்னேரி தெரியும். அங்கிருந்து பஸ் பிடித்தால் பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி. மறு பக்கம் வங்கக் கடல். நடுவே முகத்துவாரம். கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், சாத்தாங்குப்பம், கோட்டைக்குப்பம் என்று மீனவர் ஊர்கள்.

இந்தக் கரைக்கு மார்கழி, தை மாதங்களிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். பங்குனி ஆமைகள்! ஒவ்வொன்றும் சுமார் 40 கிலோ எடை. இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. ஆயிரம் குஞ்சு பொரித்தால் ஒன்று பிழைத்துப் பெரிய ஆமை ஆவதே அபூர்வம் என்கிறார்கள்.

கடலிலேயே வாழும் ஆமை தண்ணீரில் மூழ்கிச் சாகுமா?

சாகும். ஆமைக்கு மீனைப் போலச் செவுள் இல்லை. நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சுத் திணறிச் செத்துப் போகிறது.

2025 ஜனவரியை மறக்க முடியுமா? சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டுக் கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் பிணமாக ஒதுங்கின. காலையில் கடற்கரைக்கு நடக்கப் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

தர்மப் பணம் செய்தது என்ன?

கெட்ட சேதி மட்டும் அல்ல, நல்ல சேதியும் உண்டு.

வாயில்லா ஜீவன்களுக்குக் கை கொடுப்பதில் சென்னை யாருக்கும் சளைத்த ஊர் அல்ல. 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவர் நம்ம ஊர் ருக்மிணி தேவி அருண்டேல். காப்பகம் கட்ட, ஆம்புலன்ஸ் வாங்க, தெரு நாய்க்குக் கருத்தடை செய்ய என்று தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுக்கும் ஏற்பாடு அந்த வாரியத்திடம் உண்டு. சென்னையில் புளூ கிராஸ் பிறந்தது. ரோட்டில் அடிபட்ட நாய்க்கும் பூனைக்கும் சிகிச்சை கிடைத்து, அவற்றை அன்பாக வளர்க்க ஒரு வீடும் கிடைக்கிறது என்றால் நாலு பேர் கொடுக்கும் நன்கொடைதான் காரணம்.

ஆமைக்கும் அந்தப் பாக்கியம் கிட்டியது. 2002-ல் சென்னையில் தொடங்கிய 'ட்ரீ பவுண்டேஷன்' மீனவ வாலிபர்களையே ஆமைக் காவலர்களாக்கியது. பிய்ந்துபோய்க் கடலில் மிதக்கும் வலை ஆமையின் துடுப்பை அறுத்துவிடுகிறது. அப்படிக் காயம்பட்ட ஆமைகளைத் தொட்டியில் வைத்து வைத்தியம் பார்த்து, தேறியதும் கடலில் விடுகிறார்கள். பழவேற்காட்டுக் கரையில் வனத்துறை முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்டுக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது.

நாய்க்குட்டிக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுக்கலாம். ஆமைக்கு அப்படிப் பார்க்க முடியாது. அதன் வீடு கடல்தான். ஆசையாக இருக்கிறது என்று வீட்டுத் தொட்டியில் வளர்க்க நினைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்! 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் கடல் ஆமைக்குப் புலிக்கும் யானைக்கும் சமமான இடம். மீறினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை.

முதல் டாக்டர் யார்?

ஆஸ்பத்திரி இருக்கிறது. தொட்டி இருக்கிறது. டாக்டரும் இருக்கிறார். ஆனால் ஆமை அங்கே போய்ச் சேருவது எப்படி?

விடியற்காலையில் பைபர் படகில் போய் வலையை இழுக்கிறார் ஒரு மீனவர். வலை கனக்கிறது. நல்ல பாடு என்று நினைக்கிறார். மேலே வந்தால் ஆமை! துடுப்பில் நாலு சுற்று. கழுத்தில் இரண்டு சுற்று. பிரித்தெடுக்க நேரம் இல்லை. மூச்சுக்குத் தவிக்கிறது.

கத்தியை எடுக்க வேண்டும். வலையை அறுக்க வேண்டும்.

அந்த இடத்தில் முதல் டாக்டர் அவர்தான். முதல் ஆபரேஷன் அவர் கையில்தான். அதற்கு பீஸ் கட்டுவதும் அவரேதான்! பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, அதுவும் கடன் வாங்கி வாங்கிய வலை. அன்றைய மீனும் போச்சு. வலையைச் சீர் செய்யும் வரை மறுநாள் தொழிலும் போச்சு.

இதற்கு மேல் கேஸ் பயம் வேறு. மயங்கிக் கிடக்கும் ஆமையைக் கரைக்குக் கொண்டு வந்தால் தன்னையே பிடித்துக்கொண்டு போவார்களோ என்று யாருக்குத்தான் தோன்றாது? பயந்து, அப்படியே கடலில் தள்ளிவிட்டால் ஆமை செத்தது. செத்ததுபோலக் கிடக்கும் ஆமையை நிழலில் வைத்து, பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, ஈரத்துணி போட்டு வைத்தால் சில மணி நேரத்தில் கண் விழிப்பதுண்டு. ஒரு நாள் கழித்துப் பிழைத்த ஆமையும் உண்டு.

ஆஸ்பத்திரித் தொட்டிக்கு நன்கொடை கொடுக்க ஆள் இருக்கிறது. வலையை அறுத்தவர் வீட்டு அடுப்புக்கு யார் கொடுப்பது?

குஜராத் காட்டிய வழி

இதற்கு வழி இல்லாமல் இல்லை.

குஜராத் கடலில் புள்ளிச் சுறா என்று ஒரு பிரம்மாண்டமான மீன். லாரி நீளம் இருக்கும். ஒரு காலத்தில் அதை வெட்டிக் குவித்தார்கள். 2004-ல் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் ஒரு கம்பெனியின் நன்கொடையோடு களத்தில் இறங்கின. "இது பிரசவத்துக்குத் தாய் வீடு வரும் மகள்" என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. சுறாவை விட வலையை அறுத்தவருக்கு வலைக்கான பணத்தையும் கொடுத்தார்கள். வெட்டிய அதே கைகள் பல நூறு சுறாக்களை உயிரோடு விட்டன!

மராட்டிய அரசு 2018-ல் இதையே ஆமைக்கும் ஓங்கிலுக்கும் சேர்த்துச் செய்தது. வலையை அறுத்து விட்டதற்குப் படம் எடுத்துக் காட்டினால் 25 ஆயிரம் ரூபாய் வரை இழப்பீடு.

அங்கே முடிந்தது பழவேற்காட்டில் முடியாதா?

"பழைய வலையைக் காட்டிப் பணம் வாங்கிவிடுவான்" என்று சில அதிகாரிகள் சொல்லலாம். அவர்கள் ஒரு தடவை பழவேற்காட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். ஏரியில் இன்றைக்கு எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைத் தலைமுறை தலைமுறையாக 'பாடு' முறையில் ஊரே கூடி முடிவு செய்கிறது. முறை வைத்துத் தண்ணீரையே பங்கு போட்டுக்கொண்ட சனங்கள் அவர்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு ஊர்ப் பஞ்சாயத்தின் சாட்சி போதாதா? கூடவே செல்போனில் ஒரு படம். வேறென்ன வேண்டும்?

"மனுஷனுக்கே சோறில்லை, ஆமைக்கு என்ன தர்மம்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் தர்மம் மனுஷன் வீட்டுக்குத்தான் போகிறது. ஆமையை விட்டால் வியாபாரமும் கெடும். வலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்று சொல்லி, நம் கடலில் பிடித்த இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்க மறுத்ததே! அந்த நஷ்டம் யாருடையது?

செய்ய வேண்டியது

முதலாவது, ஆமைக்காக வலையை அறுத்தவருக்குப் பதினைந்து நாளில் பணம் கைக்கு வர வேண்டும். ஆறு மாதம் ஆபீஸ் படி ஏற விட்டால் அடுத்த தடவை கத்தி எழும்பாது.

இரண்டாவது, பழவேற்காட்டிலேயே ஒரு முதலுதவித் தொட்டி, ஒரு வண்டி. பொன்னேரி, மீஞ்சூர் தாண்டிச் சென்னை நெரிசலில் ஊர்ந்து போவதற்குள் உயிர் தாங்காது.

மூன்றாவது, ஆமையைக் கரைக்குக் கொண்டு வருகிறவர் மீது கேஸ் இல்லை என்று ஒவ்வொரு குப்பத்திலும் தமிழில் போர்டு வைக்க வேண்டும்.

நான்காவது, கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்ற சட்டம் ஏட்டோடு நிற்கக் கூடாது. பெரிய வலை வாரிக் கொன்றுவிட்டுப் போக, சின்னப் படகுக்காரர் ஒவ்வொன்றாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தால் கணக்கு எப்படி நேராகும்?

நன்கொடை கொடுக்கும் கடைக்காரர்களும் கம்பெனிகளும் ஒன்றை யோசிக்கட்டும். கட்டிடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் நிற்கும். வலைக்குக் கொடுத்தால் பெயர் நிற்காது. உயிர் நிற்கும்.

வருஷா வருஷம் பிரசவத்துக்கு வரும் மகளை வாசலிலேயே சாக விடுவது எந்த ஊர் வழக்கம்?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி சொல்லிவிட்டுப் போகட்டும். ஆமையை விட்ட வீடாவது உருப்படட்டும்!