மீண்டும் களம் புகுதல்

நாகர்கோவிலை அடுத்த சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேரோட்டம் நிகழும். நாஞ்சில் நாட்டு மக்கள் திரண்டு வந்து வடம் பிடிப்பர். நேரான வீதியில் தேர் செல்லும்போது வடம் பிடிப்போரின் வலிமையே கண்ணுக்குத் தோன்றும். வீதியின் முனையில் தேர் திரும்பும்போதோ, அனைவர் பார்வையும் சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு நிற்பவர்மேல் செல்லும். எந்த நொடியில், எந்தச் சக்கரத்தின்கீழ், எந்தச் சாய்வில் கட்டையை இடவேண்டும் என்பதை அவர் அறிவார். சற்றே பிழைப்பினும் பெருந்தேர் தடம் மாறிவிடும். தேரை ஓடச் செய்வது வலிமை. வேண்டிய இடத்தில் அதன் விரைவைத் தணித்துத் திருப்புவது திறமை.

இக்காலத்து மோட்டார்ப் பந்தயத்தின் நுட்பமும் ஏறக்குறைய இத்தகையதே. நேர்வழியில் வண்டி விரைவது பொறியின் ஆற்றலால் ஆகும். வளைவை அணுகுங்கால் எந்த இடத்தில் பிரேக்கை மிதிப்பது, எந்தக் கோணத்தில் திரும்புவது, எப்போது மீண்டும் விசை கூட்டுவது என்பன ஓட்டுநரின் அறிவையும் உடல் திறத்தையும் பொறுத்தன. ஃபார்முலா ஒன் என்னும் முதல்தரப் பந்தயத்தில் ஓடும் வண்டிகள் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலும் விரையும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவ்விரைவில் அத்தொலைவைக் கடக்க நான்கு நிமிடமே போதும். பந்தயத்திற்கென்றே அமைத்த தடத்தில்தான் இவ்விரைவுக்கு இடமுண்டு. மக்கள் நடமாடும் ஊர்ச்சாலையில் அதனை முயல்வது வீரமாகாது, பெரும்பிழையாகும்.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பவர்தாமே, அவர்க்கு உடல் உழைப்பு யாது என்று சிலர் வினவுவர். கடுவளைவுகளிலும், பிரேக்கு மிதிக்கும் வேளையிலும், அவருடைய உடல் தன் எடையைப்போல் நான்கு ஐந்து மடங்கு விசையைத் தாங்குகிறது. தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறு கிலோ இருக்குமாயின், அந்நேரத்தில் அவை முப்பது கிலோவாகக் கழுத்தை இழுக்கும். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓடும் ஒரு பந்தயம் முழுவதும் இந்நிலை நூற்றுக்கணக்கான முறை நேரும். வெப்பம் மிகுந்த நாடுகளில் ஒரு பந்தயம் முடிவதற்குள் ஓட்டுநரின் உடல் எடை இரண்டு மூன்று கிலோ குறைவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, உயிருக்கு இடர் என்றும் உடன் நிற்கும்.

இத்தகைய தொழிலில் ஒருவர் பட்டம் பல வென்று, பொருளும் புகழும் எய்தி, நலமாக ஓய்வும் பெற்றுவிட்டார் என்று கொள்வோம். இல்லத்தில் அமைதியாக வாழ அவர்க்குத் தடை ஏதுமில்லை. சில ஆண்டுகள் கழித்து அவரே தலைக்கவசம் அணிந்து மீண்டும் களம் புகுவாராயின் உலகம் வியக்கிறது. “இது பேராசை” என்பார் சிலர். “கைதட்டல் ஓசைக்கு நெஞ்சம் ஏங்குகிறது” என்பார் சிலர். “உயர்வில் நின்றபோதே விலகியவர் அம்மதிப்பைக் காத்துக்கொண்டிருத்தல் வேண்டும்” என அறிவுரை பகர்வார் வேறு சிலர். இக்கூற்றுகள் முற்றும் பொய்யல்ல. முழு உண்மையும் ஆகா. மீண்டு வந்தவர்களின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். அவர்களுள் மதிப்பிற்குரியோர், தம் பழம்புகழைக் காட்டி வாழ வந்தவர் அல்லர். தாம் நன்கறிந்த தொழிலை மாணாக்கராய் நின்று மீண்டும் கற்க வந்தவரே ஆவர்.

கைவந்த கலை ஒருவரை விட்டு எளிதில் நீங்குவதில்லை. நளவெண்பா கற்றோர் இதனை அறிவர். நாட்டை இழந்து, உருவமும் மாறி, வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் பணிபுரிந்தான் நளன். மன்னனை ஏற்றிக்கொண்டு அவன் தேர் செலுத்திய நாளில், மன்னனின் மேலாடை நழுவி வீழ்ந்தது. அதனை எடுக்குமாறு மன்னன் சொல்லி முடிப்பதற்குள் தேர் இருபத்து நான்கு காதம் கடந்துவிட்டதாகப் புலவர் புகழேந்தி பாடுகிறார். நளனுக்கு முடி இல்லை, கொடி இல்லை, தன் பெயரும் இல்லை. ஆயினும் குதிரையின் உள்ளத்தை அறிந்த கை அவனிடம் இருந்தது. ஓய்வு பெற்ற வீரர் ஒருவரின் உள்ளத்தில் இருப்பதும் அத்தகைய கையுணர்வே. அது பயன்படாது கிடக்குங்கால் அவரை உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஆஸ்திரிய நாட்டு வீரர் நிக்கி லாடா என்பாரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். அவர் 1975ஆம் ஆண்டு உலகப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அவர் வண்டி மோதித் தீப்பற்றியது. உடன் ஓட்டிய வீரர்கள் தம் வண்டிகளை நிறுத்தி ஓடிவந்து அவரைத் தீயினின்று இழுத்தனர். முகம் வெந்தது, நச்சுப் புகையால் நுரையீரல் கெட்டது. இறுதிச் சடங்கிற்குரிய வேண்டுதலையும் பாதிரியார் ஒருவர் செய்துவிட்டார். அவ்வாறு கிடந்தவர், 42 நாள்களுக்குள் இத்தாலியின் மோன்சாவில் மீண்டும் வண்டி ஏறி நான்காம் இடம் பெற்றார். 1977இல் இரண்டாம் முறை பட்டம் வென்றார். 1979இல், வட்டம் வட்டமாக ஓட்டுவது சலித்துவிட்டது என்று கூறிக் களத்தை விட்டு நீங்கி, விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றை நடத்தலானார்.

அவரே 1982இல் மீண்டும் வந்தார். தம் நிறுவனத்திற்குப் பொருள் தேவைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பர். பொருளைக் கருதி வந்தவர் பொருளோடு நின்றிருக்கலாம். லாடா அவ்வாறு நிற்கவில்லை. 1984இல் அவருடைய அணியிலேயே, அவரினும் ஆறு வயது இளையவரான பிரான்சு நாட்டு அலேன் புரோஸ்ட் ஓட்டினார். ஒரு சுற்றை மட்டும் விரைந்து கடக்கும் போட்டியில் இளையவரே பெரும்பாலும் முந்தினார். இதனை உணர்ந்த லாடா, அவ்வழியில் அவரோடு மோதுவதை விடுத்து, பந்தய நாளின் முழுத் தொலைவுக்கும் தம் வண்டியைப் பக்குவப்படுத்துவதில் கருத்தைச் செலுத்தினார். அவ்வாண்டு புரோஸ்ட் ஏழு பந்தயங்களிலும் லாடா ஐந்திலும் வென்றனர். இறுதிப் பந்தயம் போர்ச்சுகல் நாட்டின் எஸ்டோரிலில் நிகழ்ந்தது. பதினோராம் இடத்திலிருந்து புறப்பட்ட லாடா, பொறுமையாக ஒவ்வொருவராய்க் கடந்து இரண்டாம் இடத்தை எய்தினார். பந்தயத்தில் வென்றவர் புரோஸ்ட். பட்டம் வென்றவரோ லாடா. அவர் புள்ளிகள் 72. புரோஸ்டின் புள்ளிகள் 71.5. அரைப் புள்ளி வேறுபாட்டில் 35 வயதினர் மூன்றாம் முறை உலக வீரரானார். ஆண்டுகள் அவரிடமிருந்து சிறிது விரைவைக் கவர்ந்தன. அதற்கு ஈடாக நிதானத்தை அளித்தன. அந்நிதானத்தைப் பயன்கொள்ளக் கற்றுக்கொண்டதே அவர் வெற்றியின் மறைபொருள்.

மீண்டு வருவோர் அனைவரும் வெல்வர் என்று கருதுதல் ஆகாது. ஜெர்மானிய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் ஏழு முறை உலகப் பட்டம் வென்றவர். 91 பந்தயங்களில் முதலிடம் பெற்றவர். 2006இல் ஓய்வு பெற்ற அவர் 2010இல் தம் 41ஆம் வயதில் திரும்பி வந்து மூன்று ஆண்டுகள் ஓட்டினார். அம்மூன்று ஆண்டுகளில் ஒரு வெற்றியும் கிட்டவில்லை. 2012இல் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் பெற்ற மூன்றாம் இடமே அவர் எய்திய உயர்ந்த இடம். அதே ஆண்டில், குறுகிய தெருக்களில் ஓட்டும் மொனாக்கோவில், தகுதிச் சுற்றில் இளையோர் அனைவரையும் விட விரைந்து ஓட்டிக் காட்டினார். முந்திய பந்தயத்தில் பெற்ற தண்டனையால் ஐந்து இடம் பின்தள்ளப்பட்டதால் முதலிடத்திலிருந்து புறப்படும் வாய்ப்பை இழந்தார். “எதற்காக வந்தார்? பெயரைக் கெடுத்துக்கொண்டார்” என்று இகழ்ந்தோர் பலர். அவ்விகழ்ச்சி பொருந்துமா? முன்னர் வென்ற 91 வெற்றிகளுள் ஒன்றேனும் குறைந்ததா? ஏட்டில் ஏறிய வெற்றியைப் பின்வந்த தோல்வி அழிப்பதில்லை. தோற்கக்கூடும் என்று அறிந்தும், தம் மக்கள் வயதினரான இளைஞரோடு சமமாக நின்று ஓட்ட ஒருப்பட்ட உள்ளத்தைத் தாழ்ந்தது என்று சொல்லுதல் இயலாது.

தமிழகத்திலும் இதனை ஒத்த நிகழ்ச்சிகள் உண்டு. கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்றவர். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்னும் பெருமை பெற்றவர். அதன்பின் அப்பந்தயக் களத்தில் அவர்க்கு இடம் கிட்டவில்லை. பிற பந்தயங்களில் ஓட்டி வந்த அவர், 2011இல் மீண்டும் அக்களம் புகுந்தார். கிடைத்ததோ ஒரு சிறிய அணியின் வண்டி. புறப்படும் வரிசையில் பெரும்பாலும் பின்னிடமே. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் தில்லியை அடுத்த நொய்டாப் பகுதியில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நிகழ்ந்தபோது, தாய்நாட்டு மக்கள் காண அவர் ஓட்டி முடித்தார். கடை வரிசையில் நிற்பதற்கு நாணியிருப்பின் அந்நாள் அவர்க்கு வாய்த்திராது.

திரைப்பட நடிகராக மக்கள் அறிந்த அஜித் குமார் பந்தயப் பட்டம் வென்று ஓய்ந்தவர் அல்லர். எனினும் அவர் செயலும் ஈண்டு எண்ணத்தக்கது. 2010இல் ஃபார்முலா டூ பந்தயங்களில் ஓட்டிய அவர், நெடுங்கால இடைவெளிக்குப்பின், தம் 53ஆம் வயதில், 2025 ஜனவரியில் துபாயில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்திற்குத் தம் அணியோடு சென்றார். பயிற்சியின்போது அவர் வண்டி தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமின்றித் தப்பினார். பின்னர் அணியின் நலன் கருதி, பட்டத்திற்குப் போட்டியிட்ட அவ்வண்டியை ஓட்டும் பொறுப்பைத் தோழர்களிடம் விட்டார். அவ்வணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. இருக்கையைப் பற்றிக்கொள்வதைக் காட்டிலும் விட்டுக்கொடுப்பது அரிது.

இதனால் யாவரும் எப்போதும் மீண்டு வரலாம் என்று முடிவு செய்துவிடல் கூடாது. பந்தயக் களத்தில் ஒருவர் பிழை அவரோடு நிற்பதில்லை. பின்வரும் வீரரையும் அது வீழ்த்தக்கூடும். இல்லத்தில் காத்திருக்கும் மனைவி மக்களின் அச்சமும் பொருட்படுத்த வேண்டியதே. திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். மீண்டும் களம் புக விரும்புவோர் தம்மைத் தாமே அளந்துகொள்வதற்கு இம்மூன்றும் போதும்.

உடல் தாங்குமா என்று முதலில் அறிதல் வேண்டும். 2009இல் காயமுற்ற வீரர் ஒருவர்க்கு மாற்றாக ஓட்ட ஷூமாக்கர் விரும்பினார். மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட தம் கழுத்து ஆறவில்லை என்று கண்டதும் பின்வாங்கி, அடுத்த ஆண்டே வந்தார். அது வலியறிதல். 1976இன் இறுதிப் பந்தயம் ஜப்பானில் கடுமழையில் தொடங்கியபோது, தடம் கண்ணுக்குத் தெரியாத நிலையில் லாடா வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார். அதனால் ஒரே புள்ளியில் அவ்வாண்டுப் பட்டத்தை இழந்தார். தீயினின்று மீண்டு வந்த துணிவினும் அன்று இறங்கிய துணிவு குறைந்ததன்று. அது காலமறிதல். முன்வரிசை கிட்டாதபோது கடைவரிசையை ஏற்பதும், அணிக்கு வேண்டியவிடத்து இருக்கையை விட்டுக்கொடுப்பதும் இடனறிதல் ஆகும். இம்மூன்றும் உடையவர் எந்த வயதில் வந்தாலும் அவரை வரவேற்றல் தகும். இவை இல்லாதவர் இளைஞரேயாயினும் களத்திற்கு உரியவர் அல்லர்.

இக்கருத்து பந்தய வீரர்க்கு மட்டும் உரியதன்று. இடையில் கல்வியை விட்டவர் தம்மினும் இளையோரோடு மீண்டும் வகுப்பில் அமர நாணுவர். தேர்வில் ஒருமுறை தவறியவர் அதே ஏட்டை மறுபடி திறக்கக் கூசுவர். ஏழு முறை உலகை வென்றவர், நேற்று வந்த இளைஞர்க்குப் பின்னே ஓட நாணவில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. மீள்பவர்க்கு வெற்றி உறுதியில்லை. ஆயினும் தம் தொழிலின்பால் கொண்ட அன்பு உண்மையானதா என்பது அவர்க்கு உறுதியாகத் தெரிந்துவிடும். அதனைத் தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லை.

சுசீந்திரத்துத் தேர் வீதிகளைச் சுற்றி வந்து நிலையில் நின்றதும் மக்கள் வணங்கி வீடு திரும்புவர். நிலைக்கு வருதல் விழாவின் நிறைவு. எனினும் அடுத்த மார்கழியில் வடம் மீண்டும் பூட்டப்படும். முட்டுக்கட்டையை ஏந்தியவர் மீண்டும் சக்கரத்தின் அருகே வந்து நிற்பார். சென்ற ஆண்டு தேரைச் செவ்வனே திருப்பியதை அன்று எவரும் பேசார். இந்த ஆண்டும் வீதி முனையில் சக்கரத்தை நோக்கி அவர் குனிந்தே ஆகவேண்டும்.