டில்மன் வேண்டாமென்ற மரியாதை

அரிசோனா கார்டினல்ஸ் அணியில் சேர்ந்த புதிதில் பேட் டில்மன் பயிற்சிக்கு சைக்கிளில் வருவார். அமெரிக்கக் கால்பந்தில் (நாம் பார்க்கிற கால்பந்து அல்ல, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவரை மோதிச் சாய்ப்பதும்தான் அங்கே ஆட்டம்) அப்படி வந்து இறங்குகிற ஆள் அபூர்வம். 1998-இல் அணிகள் புதியவர்களைப் பொறுக்கி எடுத்தபோது 226-ஆவது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். ஆட்டத்துக்குத் தேவையான உடம்பு இல்லை என்று பலரும் ஒதுக்கியவர், 2000-ஆம் ஆண்டுப் பருவத்தில் மோதிச் சாய்த்த கணக்கு 224. அடுத்த ஆண்டே செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி ஐந்து வருடத்துக்கு 90 லட்சம் டாலர் என்று ஆள் விட்டது. வாய்ப்புக் கொடுத்த அணியை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பத்தரைமாற்றுத் தங்கம் என்று இதோடு முடித்துக்கொள்ளலாம். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் இதே மனிதர் பள்ளி இறுதியில் ஒரு பையனை அடித்துத் துவைத்து, சிறார் காவலில் நாட்களைக் கழித்தவர். கல்லூரி மைதானத்தின் விளக்குக் கோபுரத்தில் ஏறி, உச்சியில் தனியாக உட்கார்ந்து யோசிக்கிற ஆசாமி. தோள்வரை முடி. கையில் எப்போதும் ஒரு புத்தகம். கடவுள் நம்பிக்கை கிடையாது. பக்கத்தில் இருப்பவரோடு விடிய விடிய வாதாடப் பிடிக்கும். எனக்கு இந்த டில்மன்தான் சுவாரசியமானவர்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002-இல், கார்டினல்ஸ் நீட்டிய 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை ஒதுக்கிவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்த தம்பி கெவினும் கூடவே சேர்ந்தார். ஏன் போகிறீர்கள் என்று கேட்க நாடே மைக்கோடு நின்றது. டில்மன் ஒருவருக்கும் பேட்டி கொடுக்கவில்லை. சேர்வதற்கு முன் கல்யாணம் ஆகியிருந்த மனைவி மேரிக்கு மட்டும் காரணம் தெரிந்தால் போதும் என்று நினைத்திருப்பார்.

முதலில் அனுப்பியது ஈராக்குக்கு, 2003-இல். அந்தப் போர் நியாயமில்லாதது என்று கூட இருந்தவர்களிடம் அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். திரும்பி வந்ததும், கால்பந்து அணிகள் கூப்பிடுகின்றன, விலகிக்கொள்ள வழியிருக்கிறது என்று தகவல் வந்தது. மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், முடித்துவிட்டு வருகிறேன் என்றார். செத்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் ராணுவப் படிவத்தில், ராணுவச் சடங்கோடு அடக்கம் வேண்டாம் என்று குறித்துவைத்தார். தன்னை வைத்து ஊர்வலம் நடத்திவிடுவார்கள் என்ற பயத்தை ஒரு நண்பரிடம் சொல்லியும் இருக்கிறார்.

2004 ஏப்ரல் 22. ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்து மலைப்பகுதி. ஒரு ஹம்வீ வண்டி பழுதாகிக் கிடந்தது. இருட்டுவதற்குள் குறிப்பிட்ட கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முகாமிலிருந்து உத்தரவு. பிரிய வேண்டாம் என்று களத்தில் இருந்த அதிகாரி மறுத்துப் பார்த்தும் நடக்கவில்லை. படை இரண்டாகப் பிரிந்தது. பின்னால் வந்த பிரிவு குறுகலான பள்ளத்தாக்கில் தாக்கப்பட்டது. சத்தம் கேட்டு, உதவி செய்ய மேட்டில் ஏறியவர்களில் டில்மன் ஒருவர். அவரோடு ஓர் இளம் சிப்பாயும், கூட்டாளிப் படையைச் சேர்ந்த ஓர் ஆப்கானியரும் இருந்தார்கள். பள்ளத்தாக்கை விட்டு வெளியே வந்த வண்டியிலிருந்தவர்கள் ஆப்கானியரை எதிரி என்று நினைத்துச் சுட்டார்கள். பிறகு அந்த இடத்தையே சல்லடையாக்கினார்கள். டில்மன் புகைக்குண்டு வீசினார், கையை ஆட்டினார், தன் பெயரைச் சொல்லிக் கத்தினார். நெற்றியில் மூன்று குண்டு. வயது 27.

சுட்டது யார் என்று அங்கிருந்தவர்களுக்கு உடனே தெரியும். அவருடைய சீருடையையும் கவச அங்கியையும் எரித்தார்கள், நாட்குறிப்பும் போயிற்று. பின்வரிசை வண்டியில் வந்த கெவினிடம் வாய் திறக்கக் கூடாது என்று, பக்கத்தில் இருந்து பார்த்த அந்த இளம் சிப்பாய்க்கு உத்தரவு. எதிரியின் தாக்குதலில் வீழ்ந்ததாக எழுதி வெள்ளி நட்சத்திரப் பதக்கம் தயாரானது. அதற்கு ஆதாரமாக வைத்த சாட்சி வாக்குமூலங்கள் தாங்கள் சொன்னவை அல்ல என்று சம்பந்தப்பட்டவர்களே பிறகு சொன்னார்கள். ஏப்ரல் 29-ஆம் தேதியே ஜெனரல் மெக்கிறிஸ்டல் மேலிடத்துக்குக் குறிப்பு அனுப்பினார்: சொந்தப் படையின் குண்டாக இருக்கலாம், ஜனாதிபதி பேச்சில் எதையாவது சொல்லிவிட்டுப் பிறகு சங்கடப்படக் கூடாது. ஜனாதிபதியின் சங்கடத்துக்கு இவ்வளவு அக்கறை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஒரு வரி போகவில்லை.

மே 3-ஆம் தேதி சான் ஹோசேயில் நினைவுக் கூட்டம், தேசிய ஒளிபரப்பு. பேசியவர்கள் அவரைச் சொர்க்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்க, கடைசித் தம்பி ரிச்சர்ட் எழுந்து, அண்ணனுக்கு மத நம்பிக்கை கிடையாது, நன்றி என்றார். அன்று மேடையில் பேசப்பட்டதில் உண்மையான டில்மனுக்கு மிக நெருக்கமானது அதுதான் என்பேன். அந்த மாதக் கடைசியில்தான் சொந்தப் படையின் குண்டு என்று ராணுவம் ஒப்புக்கொண்டது.

அம்மா மேரி டில்மன், டேனி என்று அழைப்பார்கள், பள்ளி ஆசிரியை. பெயர்களெல்லாம் கறுப்பு மையால் அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பக்க விசாரணை அறிக்கைகள் அவர் கைக்கு வந்தன. ஒரு மாணவனின் விடைத்தாளைத் திருத்துகிறவரைப் போல உட்கார்ந்து, எந்தக் கறுப்புக்கு அடியில் எந்தப் பெயர் என்று நிரப்பிக்கொண்டே போனார். ஒரு விசாரணைக்கு அடுத்து ஒன்று, அதற்கும் அடுத்து ஒன்று. பதக்கத்தை வாங்கிக்கொண்டு அடங்கியிருந்தால் அவருக்கு எல்லா மரியாதையும் கிடைத்திருக்கும். விடாமல் கேட்டதற்கு, துக்கத்தில் பேசுகிறார் என்ற பட்டம்தான் கிடைத்தது.

இன்று கார்டினல்ஸ் மைதானத்துக்கு வெளியே வெண்கலச் சிலை. ஆண்டுதோறும் டெம்பியில் அவர் பெயரில் 4.2 மைல் ஓட்டம். கல்லூரியில் அவர் அணிந்த எண் 42. சிலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2017-இல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட விளையாட்டு வீரர்களைக் கண்டிக்க அவர் படத்தை எடுத்துப் பரப்பினார்கள். அன்றைய ஜனாதிபதி டிரம்ப்பும் பகிர்ந்தார். பேட்டின் சேவையை அரசியலாக்க வேண்டாம், மக்களைப் பிரிப்பதற்கு வேண்டவே வேண்டாம் என்று மனைவி மேரி சொல்ல வேண்டியிருந்தது. அதே குண்டுகளில் செத்த ஆப்கானியருக்கு இந்தச் சண்டையில்கூட இடமில்லை.

2007 ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழு முன் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டும் ஓய்வுபெற்ற தளபதிகளும் வந்து உட்கார்ந்தார்கள். டில்மன் எப்படிச் செத்தார் என்பது உங்களுக்கு எப்போது தெரியும் என்பதுதான் கேள்வி. எப்போது, யார் சொல்லித் தெரிந்தது என்பது ஞாபகமில்லை என்றார் ரம்ஸ்ஃபெல்டு. குழு அதைப் பதிவு செய்துகொண்டது.