உள்ளம் நோயுற்றால் உடனிருப்பவர் யார்?

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? நெற்றியில் சிலுவை வரைந்து செபிக்கிறோம்; உடனே மருத்துவரிடமும் அழைத்துச் செல்கிறோம். செபித்தாயிற்று, இனி மருந்து வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. ஆனால் அதே வீட்டில் ஒரு பெண்பிள்ளை பல நாள் உறங்காமல், உண்ணாமல், தனக்குத் தானே பேசிக்கொண்டு மூலையில் அமர்ந்துவிட்டால் நம் அறிவு தடுமாறிவிடுகிறது. "காற்று கருப்பு அடித்துவிட்டது" என்கிறார் பாட்டி. "விசுவாசம் குறைந்துபோயிற்று" என்கிறார் செபக்கூட்டத்து அம்மாள். "வெளியே தெரிந்தால் நாளை யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்று தகப்பனார் கதவைச் சாத்துகிறார். மூவருமே அவள்மீது அன்புள்ளவர்கள்தாம். ஆயினும் அவள் தனியளாகிப் போகிறாள்.

நம் தருமபுரி மாவட்டத்தில் உள்ளம் நோவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலை தேடிப் போக, பிள்ளைகள் பாட்டி கிண்டிய களியை உண்டு வளர்கிறார்கள். படிப்பு முடியுமுன்னே கழுத்தில் தாலி ஏறிய தோழியர் உண்டு. கடனும் குடியும் புகுந்த வீடுகள் உண்டு. இவை ஏதும் இல்லாத வீட்டிலும் மனநோய் வரும். மூளையும் உடலின் ஓர் உறுப்புத்தானே!

மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவு என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்? திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நோயுற்றவன் இறைவனிடம் மன்றாட வேண்டும் என்று கூறும் அதே பகுதி, மருத்துவனையும் இறைவனே படைத்தார், அவனுக்கும் இடம் கொடு என்று கூறுகிறது. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. உளநோயைக் குணமாக்குவது மருத்துவ அறிவியலின் பணி. பேயோட்டும் சடங்கை நடத்துமுன் அது நோயன்று என உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது அதன் போதனை. அச்சடங்கையும் ஆயரின் தனி அனுமதி பெற்ற குருவே செய்யலாம். தலையில் கை வைத்து அதட்டுகிற எல்லோருக்கும் அந்த உரிமை இல்லை. நம் பாட்டிமார் 'அவஸ்தைப் பூசுதல்' என்று அஞ்சிய அருட்சாதனத்துக்குக்கூட 1972-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் புதிய முறைமை வகுத்தார். சாகக் கிடப்பவருக்கு மட்டுமன்று, கடும் நோயுற்றோர்க்கும் அது ஆறுதல் என்பது இன்று தெளிவு.

இறையியலும் உளவியலும் அயலார் அல்லர் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. புனித இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசா ஊருக்கு வந்து தங்கிய நாட்களில், செய்த பாவங்களை முழுவதும் அறிக்கையிட்டும் மனம் ஆறாமல், ஏதோ விட்டுப்போயிற்று என்று மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரையில் அந்த வேதனை அவரைத் தள்ளியது. இத்தகையோருக்கு அனுபவமுள்ள ஆன்ம குருக்கள் கொடுத்துவந்த புத்திமதி என்ன? சொன்ன பாவத்தைத் திரும்பச் சொல்லாதே. கலக்கம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே. அழுக்கு ஒட்டியிருக்கிறதோ என்ற அச்சத்தால் நூறு முறை கை கழுவுகிறவருக்கு இன்றைய உளவியலார் அளிக்கும் பயிற்சியும் ஏறக்குறைய அதுதான்: கழுவத் தோன்றும்போது கழுவாமல் பொறுத்திரு. நம்மிடையேயும் இப்படி வாடும் பிள்ளை இருக்கலாம். 'பக்தியுள்ள பெண்' என்று புகழ்ந்து அவளை விட்டுவிடுகிறோம்.

மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் வரும் கெரசேனர் நாட்டு மனிதனை எண்ணிப் பாருங்கள். அவனை வாட்டியது அசுத்த ஆவி என்கிறது நற்செய்தி; அதை நாம் மறுக்கவில்லை. ஊரார் நடந்துகொண்ட விதத்தை மட்டும் பார்ப்போம். அவர்கள் அறிந்த வைத்தியம் விலங்கும் சங்கிலியும். அவனுக்குக் கிடைத்த குடியிருப்பு கல்லறை. குணமடைந்தபின் அவன் இயேசுவோடு செல்ல விரும்புகிறான். இயேசுவோ, உன் வீட்டாரிடம் போ என்று அனுப்புகிறார். இதை நாம் அதிகம் தியானிப்பதில்லை. அவன் குணமாதல் அவன் வீட்டு வாசலில்தான் நிறைவடைய வேண்டியிருந்தது.

அந்தச் சங்கிலி பழங்காலத்தோடு போய்விடவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். வேறு சமயத்தார் ஊர் என்று நாம் விரல் நீட்டலாகாது. நம் திருத்தலங்களிலும் நோயாளியோடு மாதக் கணக்கில் தங்கிக் கிடப்போர் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்துள்ளது.

அதற்காகப் புண்ணியத் தலங்களால் பயனேயில்லை என்று அவசரப்பட்டுத் தீர்ப்பிடவும் நாம் துணியோம். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றி 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ ஏட்டில் ஓர் ஆய்வு வந்தது. அங்கே மருந்து இல்லை. காலை வழிபாடு, பெருக்குதல், செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல் போன்ற எளிய வேலை, கூடவே தங்கும் ஓர் உறவினர், அவ்வளவே. சராசரி ஆறு வாரத்தில் நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், மருந்தை நிறுத்தலாம் என்று அது கூறவில்லை. அடியாமல், கட்டாமல், மனிதராக மதித்து உடன் இருந்ததே பயன் தந்தது என்று நாம் கருதுகிறோம்.

பெல்ஜியம் நாட்டு கீல் நகரத்தாரும் இதை அறிந்திருந்தனர். மனநோயாளரின் பாதுகாவலியான புனித திம்ப்னாவின் கோயிலுக்கு வந்த நோயாளிகளுக்கு அங்கே இடம் போதாமற்போகவே, ஊரார் தத்தம் வீடுகளில் சேர்த்துக்கொண்டனர். நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வழக்கம் நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு குடும்பங்களில் வாழ்ந்தனர். இன்று மருத்துவமனை ஒன்று அவர்களுக்குச் சிகிச்சை அளிக்க, குடும்பங்கள் சோறும் உறவும் தருகின்றன. நமக்கு எட்டும் தொலைவிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் நோயாளியோடு குடும்பத்தார் தங்குவது நெடுநாளைய வழக்கம்.

எனவே பெற்றோரையும் அருட்சகோதரிகளையும் சில காரியங்கள் வேண்டுகிறோம். காய்ச்சல் கண்ட வீட்டுக்குக் கஞ்சி கொண்டு போகும் நம் அன்பியத்தார், மனம் நொந்த வீட்டுக்கும் போகட்டும். பேய்க்கதை மட்டும் வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பஸ் ஏறும் தாய்க்குத் துணையாக ஒருவர் செல்லட்டும். மாத்திரை சாப்பிடும் தோழியைப் 'பைத்தியம்' என்று கேலி செய்யும் வழக்கம் நம் வகுப்புகளில் ஒழியட்டும். இதற்கு அரசாங்கச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அந்த எண்ணை ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையின் ஓரத்தில், அழிக்காமல், எழுதி வைக்க அனுமதி தருமாறு தலைமைச் சகோதரியைக் கேட்டுக்கொள்கிறோம்.