குழாய்களுக்கு ஒரு மாடி

புது வீடு கட்டும்போது மேஸ்திரியும் இஞ்சினீயரும் வீட்டுக்காரரும் கூடிப் பேசுகிறார்கள். சமையலறை எத்தனை அடி, ஜன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம் தீர்மானம் ஆகிறது. அந்த அறையில் தினமும் நாலு மணி நேரம் நிற்கப் போகிறவளை யாராவது ஒரு வார்த்தை கேட்பதுண்டா? கேட்டிருந்தால், பாத்திரம் தேய்க்கும் தொட்டி ஒரு மூலையிலும் தண்ணீர்க் குழாய் மற்றொரு மூலையிலும் அமைந்திருக்குமா? கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் வாசல் தூணைப் பார்த்து, மாடி வளைவைப் பார்த்து, "பேஷ், பேஷ்!" என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாள் காலையில் தாளிக்கும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறவள் வீட்டுக்காரிதான்.

இந்த வாரம் வேறொரு விதமான சமையலறையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நோய்களின் காரணத்தைத் தேடவும், டாக்டர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பயிற்சி கொடுக்கவும் சர்வகலாசாலைகளில் கட்டுகிறார்களே, அந்த ஆராய்ச்சிச் சாலைகள்தாம் அவை. "இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொடர்கதை எங்கும் ஓடிவிடாது! நம் வீட்டுக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி அப்படிப்பட்ட ஓர் அறையிலிருந்துதான் வந்தது. நாளைக்கு உங்கள் பெண்ணே அந்த அறையில் வேலை செய்யப் போகலாம்.

பழைய காலத்தில் இந்த விஷயம் சுலபமாக இருந்தது. இத்தாலி தேசத்தில் பாடுவா சர்வகலாசாலையில் 1594-ல் கட்டிய ஒரு மண்டபம் இன்றைக்கும் இருக்கிறது. வைத்திய மாணவர்களுக்கு உடற்கூறு கற்பிப்பதற்காக எழுப்பியது. அடியில் ஒரு மேஜை. அதைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு வரிசைகள். உட்கார இடமில்லை, நின்றுகொண்டே எட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் மேஜை நன்றாகத் தெரியும். அந்தக் காலத்துப் பாடத்துக்குக் கண் ஒன்று போதும். கண்ணுக்கு வேண்டியதை அந்த மண்டபம் கொடுத்தது. 1872 வரையில் அது உபயோகத்தில் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைய ஆராய்ச்சிச் சாலைக்குக் கண் மட்டும் போதாது. நீளமான மேஜையும் கண்ணாடிக் குடுவைகளும்தான் நம் பார்வையில் படுகின்றன. ஒவ்வொரு மேஜைக்கும் தண்ணீர் வரவேண்டும், காஸ் வரவேண்டும், மின்சாரம் வரவேண்டும், காய்ச்சி வடித்த நீர் தனியாக வரவேண்டும். அமிலம் கலந்த கழிவு நீர் வேறு வழியாகப் போகவேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, காற்று!

வீட்டில் மிளகாய் வற்றலை வறுக்கிறீர்கள். கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பவர் நாலு தும்மல் போடுகிறார். அதோடு தீர்ந்தது. ஆராய்ச்சிச் சாலையில் எழும்புகிற நெடி விஷ வாயுவாக இருக்கலாம்; கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமியாகவும் இருக்கலாம். ஆகையால் அங்கே ஏறி இறங்கும் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டிக்குள் கையை விட்டு வேலை செய்கிறார்கள். அந்தப் பெட்டியின் காற்றை விசிறி ஓயாமல் இழுத்து, கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. கிருமிகளைக் கையாளும் அறையில் காற்றின் அழுத்தத்தைத் தாழ்வாரத்தில் உள்ளதைவிடக் குறைத்து வைப்பார்கள். கதவைத் திறந்தால் வெளிக் காற்று உள்ளே போகுமே தவிர, உள் காற்று வெளியே வராது. ஆபரேஷன் அறையில் இதற்கு நேர் எதிர். அங்கே உள்ளே அழுத்தம் அதிகம். தாழ்வாரத்துத் தூசி நோயாளியின் பக்கத்தில் அண்டக் கூடாது அல்லவா?

மேல் வீட்டில் அம்மி அரைத்தால் கீழ் வீட்டில் டம்ளர் தண்ணீர் அதிருகிறது. மிக நுட்பமான பூதக் கண்ணாடிகளுக்கு ஆள் நடக்கிற அதிர்ச்சியே ஆகாது. அதனால் அவற்றுக்குத் தரையோடு தரையாக, அடித்தளத்தில் இடம் தேடுகிறார்கள்.

இத்தனை குழாய்களையும் காற்று வழிகளையும் எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு கட்டிடச் சிற்பி இரண்டு தடவை பதில் சொன்னார். முதல் பதிலை உலகம் பாராட்டியது. உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாவது பதிலை உலகமும் பாராட்டியது. உள்ளே இருந்தவர்களுக்கும் அது உதவியது. அவர் பெயர் லூயி கான்.

*

1957-ல் பிலடெல்பியா நகரிலுள்ள பென்ஸில்வேனியா சர்வகலாசாலை தன் வைத்திய ஆராய்ச்சிக்காக ஒரு கட்டிடம் வேண்டுமென்று கானிடம் கேட்டது. ரிச்சர்ட்ஸ் ஆராய்ச்சிச் சாலை என்று அதற்குப் பெயர். கான் ஒரு நல்ல யோசனை செய்தார். கட்டிடத்தில் எஜமான அறைகள் என்றும் ஊழியம் செய்யும் அறைகள் என்றும் இரண்டு வகை உண்டு. ஊழியம் செய்பவற்றை ஒளித்து வைக்காமல் அவற்றுக்கும் கௌரவமான இடம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆகவே 45 அடிச் சதுரமான ஆராய்ச்சிக் கூடங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கோபுரம் போல் அடுக்கினார். மாடிப்படிகளையும் கெட்ட காற்றை வெளியேற்றும் வழிகளையும் அந்தக் கோபுரங்களுக்கு வெளியே, உயரமான செங்கல் தூண்களாக எழுப்பினார். நல்ல காற்றைக் கீழே தரைக்குப் பக்கத்தில் இழுத்து, கெட்ட காற்றை உச்சியில் விட்டார். ஒன்றோடொன்று கலக்க வழியில்லை.

கண்டவர்கள் வியந்தார்கள். 1961-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை இந்த ஒரு கட்டிடத்துக்காகவே ஒரு கண்காட்சி நடத்தியது. 2009-ல் அமெரிக்க அரசாங்கம் இதைத் தேசியச் சரித்திரச் சின்னமாக அறிவித்தது.

உள்ளே வேலை செய்தவர்களின் பாட்டைக் கேளுங்கள். மூலைகளெல்லாம் கண்ணாடி, வெயில் நேராக மேஜையில் விழுந்து கண்ணைக் கூசச் செய்தது. விஞ்ஞானிகள் பார்த்தார்கள், ஜன்னல்களில் காகிதத்தையும் பளபளக்கும் அலுமினியத் தகட்டையும் ஒட்டிவிட்டார்கள்! தலைக்கு மேலே குழாய்கள் திறந்தபடி ஓடின; தூசி சேர்ந்து வேலையின்மேல் உதிர்ந்தது. எல்லோரும் ஒரே கூடத்தில் கலந்து பேசி ஆராய்வார்கள் என்று சிற்பி எண்ணியிருந்தார். அவர்களோ ஆளுக்கொரு தடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். கோபுரமாக அடுக்கிய சிறு சிறு கூடங்களில் பெரிய வேலைக்கு இடம் நெருக்கியது. 2010-க்குப் பிறகு நடந்த புதுப்பிப்பில், ரசாயனமும் குடுவையும் தேவைப்படாத, கம்ப்யூட்டரைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கே அந்தக் கூடங்களைப் பெரும்பாலும் ஒதுக்கினார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களும் சரி. சமையலறையில் நின்றவர்களும் சரி. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்!

*

இரண்டாவது கதைக்கு ஒரு முன்கதை உண்டு. அது தாய்மார்களின் கதை.

இளம்பிள்ளை வாதம் என்றால் ஒரு காலத்தில் பெற்றவர்களுக்கு அடிவயிறு கலங்கும். அமெரிக்காவில் 1952-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 58,000 பேரை அந்த நோய் பிடித்தது. அதை எதிர்க்க ஒரு தர்ம ஸ்தாபனம் சில்லறை நாணயமாகவே பணம் திரட்டி வந்தது. 1950-ல் அரிஸோனா மாகாணத்திலுள்ள பீனிக்ஸ் நகரின் தாய்மார்கள் ஒரு மாலையில் வீடு வீடாகப் புறப்பட்டார்கள். கொடுக்க மனமுள்ளவர்கள் வாசல் விளக்கை ஏற்றி வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. விளக்கு எரிந்த வீடுகளில் ஏறி இறங்கி வசூல் செய்தார்கள். பிறகு தேசம் முழுவதும் இந்த வழக்கம் பரவிவிட்டது.

அந்தப் பணத்தின் உதவியோடுதான் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் டாக்டர் ஜோனஸ் ஸால்க் தடுப்பூசியைக் கண்டுபிடித்தார். அது பலன் தருகிறது என்ற செய்தி 1955 ஏப்ரல் 12-ந் தேதி வெளியானது. நம் குழந்தைகளுக்கு வாயில் விடுகிற சொட்டு மருந்துக்கு வழி காட்டியவர் வேறொருவர், டாக்டர் ஸேபின்; ஊசி மருந்து ஸால்க்குடையது. இந்த நோய் நீங்கிய தேசம் என்று இந்தியா 2014 மார்ச் 27-ந் தேதி சான்று பெற்றது நினைவிருக்கும்.

ஸால்க் தாமே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிக்க விரும்பினார். கலிபோர்னியாவில் ஸான் டியேகோ நகரத்தார் 1960-ல் வோட்டுப் போட்டு, கடலைப் பார்த்த மேட்டு நிலம் ஒன்றை அவருக்குக் கொடுத்தார்கள். அந்த நகரத்தின் மேயரும் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானவர். கட்டிடத்துக்கு வேண்டிய பணத்தை அதே தர்ம ஸ்தாபனம் அளித்தது. கட்டிடச் சிற்பியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யோசனை கேட்க, 1959 கடைசியில் பிலடெல்பியாவுக்குப் போனார் ஸால்க். கானைச் சந்தித்தார், எழும்பிக்கொண்டிருந்த ரிச்சர்ட்ஸ் கட்டிடத்தைப் பார்த்தார். வேறு சிற்பியைத் தேடவில்லை.

ஆனால், கான் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளவும் இல்லை! முதலில் கான் மறுபடியும் கோபுரங்களைத்தான் வரைந்தார். ஸால்க் வேண்டாம் என்றார்; விஞ்ஞானிகள் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டும், இடம் அகலமாக வேண்டும் என்றார். பிறகு நாலு கட்டிடங்களும் இரண்டு தோட்டங்களுமாக ஒரு திட்டம் உருவாயிற்று. ஒப்பந்தத்துக்கு எல்லாம் தயாரான சமயத்தில் ஸால்க் மறுபடி யோசித்தார். அதுவும் சரிப்படாது, இரண்டு கட்டிடங்களும் நடுவே ஒரு முற்றமும் போதும் என்று சொன்னார். வேறு சிற்பியாக இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பார். கான் உட்கார்ந்து புதிதாக வரைந்தார்.

அந்தப் புதுப் படத்தில்தான் குழாய்களுக்கு முழு மாடி கிடைத்தது. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஆறு தளங்கள். மூன்று தளங்கள் ஆராய்ச்சிக்கு. அவை ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு தளம் குழாய்களுக்கும் காற்று வழிகளுக்கும்! அந்தத் தளத்தின் உயரம் 9 அடி. ரிப்பேர் செய்ய வருகிறவர் நிமிர்ந்து நடக்கலாம். கீழேயுள்ள கூடம் 65 அடி அகலம், 245 அடி நீளம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. கூரையில் விட்டிருக்கும் இடைவெளிகள் வழியே, வேண்டிய மேஜைக்கு வேண்டிய குழாயை இறக்கிக்கொள்ளலாம்.

"பாதிக் கட்டிடத்தைக் குழாய்க்கா கொடுப்பது? வீண் செலவு!" என்று கணக்குப் பார்க்கிறவர்கள் சொல்லக்கூடும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆராய்ச்சி என்பது ஓரிடத்தில் நிற்பதல்ல. இன்றைக்குக் கிருமி, நாளைக்கு மூளை, மறுநாள் வேறொன்று. ஒவ்வொரு மாறுதலுக்கும் தரையை உடைத்துக்கொண்டிருந்தால், மாதக் கணக்கில் பாதுகாத்து வளர்த்த உயிரணுக்கள் என்ன ஆவது? இங்கே வேலைக்காரர்கள் மேல் தளத்தில் குழாயை மாற்றிக்கொண்டிருக்கும்போதே கீழே பக்கத்து மேஜையில் பரிசோதனை நடந்துகொண்டிருக்கும். 1965-ல் முடிந்த கட்டிடம் இன்னும் ஆராய்ச்சிச் சாலையாகவே இருக்கிறது. செலவு வீணாயிற்றா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அவர்கள் மறக்கவில்லை. எந்நேரமும் குடுவையோடு நிற்கிறவருக்குச் சற்று உட்கார்ந்து யோசிக்கவும் இடம் வேண்டும். கூடத்தைவிட்டுச் சிறிய பாலத்தைக் கடந்து போனால் தனித்தனி அறைகள், மொத்தம் 36. தேக்கு மரச் சட்டம் போட்ட ஜன்னல். அதன் வழியே கடல். கட்டிடத்தின் ஒரு பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் இருட்டில் வாடாதபடி, 40 அடி நீளமும் 25 அடி அகலமுமாகப் பள்ளங்கள் விட்டு வெளிச்சத்தை இறக்கியிருக்கிறார்கள்.

நடு முற்றத்தில் மரம் வைப்பதாகத்தான் கான் எண்ணியிருந்தார். 1966-ல் மெக்ஸிகோ தேசத்துச் சிற்பி லூயி பாரகான் வந்து பார்த்து, செடியும் வேண்டாம், கொடியும் வேண்டாம், வெறும் கல் தளமாக விட்டுவிடுங்கள் என்று சொன்னார். கான் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். இப்போது அங்கே ஒரு மெல்லிய வாய்க்கால் மட்டும் கடலைப் பார்த்து ஓடுகிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில் சூரியன் அதற்கு நேராக அஸ்தமிக்கிறது.

கான் நம் நாட்டுக்கும் வந்தவர். ஆமதாபாத்தில் நிர்வாகக் கல்வி நிலையத்தைக் கட்டியவர் அவரே. 1974 மார்ச்சில் அங்கிருந்து ஊர் திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது.

பிலடெல்பியாவில் கானுக்கு இருந்த அறிவு கலிபோர்னியாவில் கூடிவிடவில்லை. அறிவு அங்கேயும் இருந்தது. கலிபோர்னியாவில் அவர் எதிரே, உள்ளே நின்று வேலை செய்யப் போகிற ஒருவர் உட்கார்ந்து, "இது எனக்குச் சரிப்படாது" என்று தைரியமாகச் சொன்னார். அதைக் காதில் வாங்கும் குணம் கானிடம் இருந்தது. தாய்மார்கள் வாசல் விளக்கைப் பார்த்துச் சேர்த்த காசு வீண் போகவில்லை.

உங்கள் பெண்ணை விஞ்ஞானக் கல்லூரியிலோ வைத்தியக் கல்லூரியிலோ சேர்க்க அழைத்துப் போகும்போது, முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஆராய்ச்சிச் சாலைக்குள் எட்டிப் பாருங்கள். நெடி வீசுகிறதா? காற்றை இழுக்கும் பெட்டி வேலை செய்கிறதா? ஜன்னலில் யாராவது காகிதம் ஒட்டியிருக்கிறார்களா? ஒட்டியிருந்தால், ஏன் என்று அங்கே நிற்கும் மாணவியைக் கேளுங்கள். கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் இல்லாத சங்கதியெல்லாம் அவள் சொல்வாள்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேஸ்திரி படத்தை விரிக்கும்போது காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள், அம்மணி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்!