போராளிக்குக் காணி கொடுத்தார்கள், உறுதி?

சிம்பாப்வே ஜனாதிபதி எமர்சன் மனங்காக்வா 2024 டிசெம்பரில், குடியேற்றக் காணிகளுக்கு உறுதி வழங்கும் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். வெள்ளையர் பண்ணைகளுக்குள் முன்னாள் போராளிகள் புகுந்து ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குப் பிறகு!

அவர்களுடைய கோரிக்கையில் நியாயம் இருந்தது. காணி மீட்பைச் சொல்லித்தான் விடுதலைப் போருக்கு ஆள் திரட்டினார்கள். ஆனால் 1979 லங்காஸ்டர் ஹவுஸ் உடன்படிக்கை, விற்க விரும்புபவரிடமே வாங்கலாம் என்று 10 ஆண்டுகளுக்கு அரசின் கையைக் கட்டிவிட்டது. போராளிகளில் பலர் காணியில்லாமலே ஊர் திரும்பினார்கள்.

1997 இல் வீதிக்கு இறங்கினார்கள். ஆளுக்கு 50,000 சிம்பாப்வே டொலரும், மாதம் 2,000 டொலர் ஓய்வூதியமும் தர முகாபே ஒப்புக்கொண்டார். வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கீடே இல்லை. நவம்பர் 14 ஆம் திகதி, ஒரே நாளில் நாணயம் அமெரிக்க டொலருக்கு எதிராக 70 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கிடைத்த காசின் பெறுமதியும் அதோடு போனது.

2000 பெப்ரவரியில் அரசியலமைப்பு வாக்கெடுப்பில் அரசு தோற்றதும் பண்ணைகள் ஆக்கிரமிக்கப்பட்டன. அங்கே கூலிக்கு நின்ற கறுப்பினத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக வேலையும் வீடும் இழந்தார்கள். அவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

காணி பெற்றவர்களுக்குக் கிடைத்ததோ அனுமதிப்பத்திரம், அல்லது 99 வருடக் குத்தகை. உரிமை அரசிடமே. அதை ஈடாக வைத்து வங்கி கடன் தராது. கடன் இல்லாமல் விதை, உரம், நீர்ப்பம்பி எப்படி வாங்குவது? வன்னியில் பெர்மிட் காணி வைத்திருந்தவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஐந்தொகையின் மறுபக்கத்தையும் பாருங்கள். 2020 இல் வெள்ளையர்களுக்கு 350 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு தருவதாக அரசு கையொப்பமிட்டது. அதுவும் மண்ணுக்கு அல்ல, அதன்மேல் கட்டியவற்றுக்கு. 2025 ஏப்ரலில் முதற்கட்டமாக 378 பண்ணைகளுக்கு அனுமதிக்கப்பட்டது 31.1 கோடி டொலர். அதில் காசாகக் கொடுத்தது 1 சதவீதம், மிச்சம் திறைசேரி முறிகள். என்னுடைய வாடிக்கையாளர் ஒருவர் அந்த முறிகளை வைத்திருந்தால், முகப்புப் பெறுமதியில் பதிய எனக்கு மனம் வராது.

புதிய உறுதியும் பொதுவாக இலவசமில்லை. காணியைச் சுதேச சிம்பாப்வேயருக்கு மட்டுமே விற்கலாம் என்பதால் பிணையாகவும் அதன் பெறுமதி குறைவு. 1979 இல் 20 வயதில் துப்பாக்கி ஏந்தியவர் இன்று 65 ஐத் தாண்டிவிட்டார். அவருக்கு எந்த வங்கி நீண்டகாலக் கடன் கொடுக்கும்? உறுதி யார் பெயருக்கு எழுதப்படுகிறது, மனைவி பிள்ளைகளின் பெயரும் அதில் வருகிறதா என்பதைத்தான் இனிக் கவனிக்க வேண்டும்.