புதுக் கணினி அடிக்கடி நின்றுபோகிறதா? ஃபார்மட் பண்ணும் முன் ஒரு ராத்திரி பொறுங்கள்

பெட்டி பெட்டியாக வாங்கி வந்த பாகங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூட்டி, கடைசியில் பவர் பட்டனை அழுத்தும்போது விசிறி சுற்ற ஆரம்பித்தால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே... ரெடிமேடாகக் கணினி வாங்குபவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

விண்டோஸ் போட்டாயிற்று. டிரைவர்கள் போட்டாயிற்று. இரண்டு நாள் ஜோராக ஓடுகிறது. மூன்றாம் நாள் கேம் பாதியில் மூடிக்கொள்கிறது. நான்காம் நாள் நீலத்திரை. அதற்கு மறுநாள், நேற்று வரை ஒழுங்காகத் திறந்த ஒரு ஜிப் கோப்பு "கெட்டுப்போயிருக்கிறது" என்று செய்தி வருகிறது.

இந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "எதற்கும் ஒரு தடவை ஃபார்மட் பண்ணிப் பாரேன்!"

இதைவிட மோசமான ஆலோசனை புதுக் கணினிக்குக் கிடையாது. கோளாறு மெமரியில் இருந்தால், ஃபார்மட் பண்ணி மறுபடி போடுகிற விண்டோஸும் அதே கெட்ட மெமரி வழியாகத்தான் வட்டுக்குப் போகிறது. போகும் வழியில் நாலு கோப்பு சிதைந்தாலும் யாருக்கும் தெரியாது. பிறகு ரேமை மாற்றினாலும் நீலத்திரை வரும். "ரேம் மாற்றியும் சரியாகவில்லையே, அப்போது ரேம் காரணமில்லை" என்று ஆள் முழுக்கக் குழம்பிப்போவார்.

ஒரே கோளாறு, ஒன்பது முகம்

16 ஜிபி ரேம் என்றால் அதற்குள் சுமார் 13,700 கோடி பிட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0 அல்லது 1. கணினியில் நடக்கும் எல்லாமே ஏதோ ஒரு கணத்தில் இந்த இடம் வழியாகத்தான் போகிறது. இதில் ஒரே ஒரு பிட் தப்பாகப் புரண்டால் என்ன ஆகும்?

அது எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. படத்தில் இருந்தால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், கண்ணுக்கே தெரியாது. இயங்குதளத்தின் மையப் பகுதியில் இருந்தால் நீலத்திரை. கேமில் இருந்தால் கேம் மட்டும் மூடும். வட்டில் எழுதப்போகிற கோப்பில் இருந்தால் எந்தச் செய்தியும் வராது, கோப்பு மட்டும் கெட்டுப்போகும்.

ஒரு பிட்டின் பலம் தெரிய வேண்டுமா? 2003-ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் பகுதியில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டுகள் கூடுதலாக விழுந்திருந்தன. அவருக்குக் கிடைத்திருக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால்தான் பிடிபட்டது. 4096 என்பது 2-ன் 12-ஆவது அடுக்கு. அதாவது ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1-க்குப் புரண்டால் சரியாக அவ்வளவு கூடும்.

மெமரிக் கோளாறைக் கண்டுபிடிக்க முதல் தடயம் இதுதான். டிரைவரில் பிழை என்றால் பெரும்பாலும் அதே வேலை செய்யும்போது, அதே பெயரோடு நிற்கும். மெமரி கெட்டிருந்தால் இன்று ஒரு செய்தி, நாளை வேறு செய்தி. ஒரு நாள் "மெமரி மேனேஜ்மென்ட்", மறுநாள் "பேஜ் ஃபால்ட்", அதற்கடுத்த நாள் பிரவுசர். பிழைச் செய்தி மாறி மாறி வந்தால், அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படிப்பதை நிறுத்திவிட்டு ரேமைப் பாருங்கள்.

பெரிய ஆளுக்கும் இதே கதிதான்

மென்பொருளைத்தான் முதலில் சந்தேகப்படுவோம் என்பது மனித சுபாவம். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே அப்படித்தான் செய்தார். 2022 அக்டோபரில் அவருடைய மேசைக் கணினியில் நிரல்களைத் தொகுக்கும்போது கன்னாபின்னாவென்று பிழைகள் வந்தன. அது புதிய கெர்னல் குறிமுறைகள் வந்து குவிகிற சமயம். ஆகவே புதுக் கெர்னலில்தான் ஏதோ பிழை என்று முதலில் நினைத்தார். பழைய கெர்னலைப் போட்டுப் பார்த்தார், அதிலும் அதே பிழை. பிறகு இரவு முழுக்க மெம்டெஸ்ட்86+ ஓட்டினார். குற்றவாளி ஒரு ரேம். அதுவும் இரண்டரை வருஷம் ஒழுங்காக வேலை செய்துவிட்டுத் திடீரென்று கெட்டுப்போன ரேம்!

அவருக்கு அது பழைய கணினி. புதிதாகப் பூட்டிய கணினியில் சந்தேகத்துக்கு இன்னும் அதிக இடம் இருக்கிறது. அங்கே எந்தப் பாகமும் இன்னும் தன்னை நிரூபிக்கவில்லை.

"எப்போதாவது ஒரு பிட் புரளும், வானத்திலிருந்து வரும் கதிரால் நடக்கும், விடுங்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. கூகுளின் சர்வர்களை வைத்து டொரொன்டோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்து 2009-ல் வெளியான ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம்களில் பிழை பதிவானது. அவற்றில் பெரும்பங்கு தற்செயலாகப் புரண்டவை அல்ல, வன்பொருளிலேயே உள்ள நிரந்தரக் கோளாறு என்பது அவர்கள் முடிவு. சுமார் பத்து லட்சம் சாதாரணக் கணினிகளை ஆராய்ந்து மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்டதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வன்பொருள் கோளாறால் ஒரு முறை நின்ற கணினி, இரண்டாம் முறை நிற்கும் வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடுகிறதாம். "ஒரு தடவைதானே, பார்த்துக்கொள்ளலாம்" என்பது இங்கே செல்லாது.

பெட்டி மேல் இருக்கும் எண்

புதுக் கணினியில் ரேம் தகராறு செய்வதற்கு ரேம் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெட்டியில் 3600 என்று போட்ட டிடிஆர்4 ரேமைச் செருகினால் கணினி அதை 3600-ல் ஓட்டுவதில்லை. 2133, 2400 என்று ஏதாவது ஒரு நிதான வேகத்தில்தான் ஆரம்பிக்கும். 3600 வேண்டுமென்றால் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்ய வேண்டும். இன்டெல் 2007-ல் கொண்டுவந்த வசதி இது. டிடிஆர்5-க்கு ஏஎம்டி 2022-ல் கொண்டுவந்ததன் பெயர் எக்ஸ்போ.

பலருக்குத் தெரியாத சேதி: இது ஓவர்கிளாக்கிங். டிடிஆர்4-க்கான ஜெடெக் தரநிர்ணயம் 3200-லேயே முடிந்துவிடுகிறது, மின்னழுத்தம் 1.2 வோல்ட். எக்ஸ்எம்பி அதை வழக்கமாக 1.35 வோல்ட்டுக்கு ஏற்றி ஓட்டுகிறது. அந்த வேகத்தை ரேம் தாங்கினால் போதாது. பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் மதர்போர்டும் தாங்க வேண்டும். அவற்றை விற்றவர்கள் அந்த எண்ணுக்கு எந்த உறுதியும் தரவில்லை. ஆனால் ரேம் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்கிறார்கள்! வாங்குபவர் அதை வாக்குறுதி என்று நம்புகிறார். நியாயமா இது?

இரண்டு ரேமோடு நில்லாமல் நான்கையும் நிரப்பினால் நிலைமை இன்னும் மோசம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொன்ன அதிகாரபூர்வ வேகம் இரண்டு ரேமுக்கு 5200. நான்கு போட்டால் 3600 மட்டுமே. "பின்னாடி இன்னும் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்" என்று திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

வரிசையாகச் செய்ய வேண்டியது

1. பழைய வட்டை அழிக்காதீர்கள். புதுக் கணினி தேறும் வரை போட்டோ, ப்ராஜெக்ட் எதையும் அதற்கு மாற்ற வேண்டாம். உண்மையில் பறிபோகக் கூடியது இதுதான். ரேமுக்கு வாரன்டி உண்டு, சிதைந்த போட்டோவுக்குக் கிடையாது.

2. எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்துவிட்டு ரேமைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதென்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். மதர்போர்டு புத்தகத்தில் படமே இருக்கும். டிடிஆர்5 கணினி முதல் தடவை சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கலாம். மெமரியைப் பழக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பதறி அணைக்காதீர்கள்.

3. பயாஸை டிஃபால்ட்டுக்கு மாற்றுங்கள், எக்ஸ்எம்பி ஆஃப். பென் டிரைவில் மெம்டெஸ்ட்86+ போட்டு அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். இலவசம்தான். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் தோல்விதான். "ஒன்றுதானே" என்று கணக்கில் விடக்கூடாது.

4. பிழை இருந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனியே, ஒரே ஸ்லாட்டில் சோதியுங்கள். பிறகு நல்ல ரேமை அடுத்த ஸ்லாட்டில். பிழை ரேமோடு போனால் ரேம் கெட்டது. ஸ்லாட்டிலேயே தங்கினால் மதர்போர்டு அல்லது பிராசசர். பிராசசர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தால்கூட இப்படி ஆகும்.

5. டிஃபால்ட்டில் பிழை இல்லையென்றால் எக்ஸ்எம்பியை ஆன் செய்து இன்னொரு ராத்திரி. இப்போது பிழை வந்தால் பயாஸை அப்டேட் செய்து பாருங்கள். 2017-ல் முதல் ரைசன் வந்தபோது ரேம் தகராறு பலருக்கு அப்படித்தான் தீர்ந்தது. அதற்கும் மசியவில்லையென்றால் வேகத்தை ஒரு படி குறையுங்கள். 3600-க்குப் பதில் 3200-ல் ஓடுவது கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். நீலத்திரை நன்றாகவே தெரியும் :-)

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போது சிவப்புக் கோடுகள் தெரியும் திரையை போட்டோ எடுத்துச் செல்லுங்கள். கடையில் ஐந்து நிமிடம் ஆன் செய்து பார்த்துவிட்டு "நல்லாத்தான் சார் இருக்கு" என்று சொல்ல வாய்ப்புண்டு. ஜோடியாக வாங்கியது என்றால் இரண்டையும் சேர்த்தே கொடுத்து மாற்றுங்கள்.

எல்லாப் பழியும் ரேம் மேலா?

இல்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் சிலவற்றில் கேம்கள் "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி மூடிக்கொண்டன. மெமரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மிகையான மின்னழுத்தத்தால் பிராசசரே பழுதாகிக்கொண்டிருந்தது என்று 2024-ல் தெரிந்தது. இன்டெல் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு வருஷம் நீட்டித்தது. பழுதாகிவிட்ட பிராசசரை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியாது. மெம்டெஸ்டில் பிழை வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. பிழை வராவிட்டால் ரேம் மேல் சந்தேகம் குறைகிறது, அவ்வளவுதான். பிறகு வெப்பம், எஸ்எம்பிஎஸ், பிராசசர் என்று மேலே போகலாம்.

ஆனாலும் ரேமிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. சோதனைக்குக் காசு செலவில்லை. கழற்றி மாட்டுவது சுலபம். அதைத் தீர்க்காமல் செய்கிற மற்ற எந்தச் சோதனையின் முடிவையும் நம்ப முடியாது.

யார் செய்ய வேண்டிய வேலை இது?

இவ்வளவையும் வாங்கியவர் தலையில் கட்டியது யார்? ஒரு பிட் புரண்டால் தானே திருத்தி, அதற்கு மேல் புரண்டால் சொல்லிவிடுகிற ஈசிசி மெமரி சர்வர்களில் காலங்காலமாக இருக்கிறது. வீட்டுக் கணினிக்கு அது தேவையில்லை என்று முடிவுகட்டியவர்கள் விற்பவர்கள்தான். 2021 ஜனவரியில் டோர்வால்ட்ஸ் இதற்காக இன்டெலைக் கடுமையாகச் சாடினார். இன்றும் இன்டெல் மேசைக் கணினியில் ஈசிசி வேண்டுமென்றால் அதற்கென்று தனி வகை மதர்போர்டு தேட வேண்டியிருக்கிறது. ஏஎம்டியில் மதர்போர்டைப் பொறுத்தது. டிடிஆர்5-க்குள்ளேயே ஈசிசி உண்டு என்பார்கள். அது சிப்புக்குள் நடப்பதை மட்டும் திருத்துகிறது. சிப்பிலிருந்து பிராசசர் வரை போகும் வழியில் நடக்கும் தவறு அதற்குத் தெரியாது.

வேகத்தைப் பெட்டி மேல் அச்சடிக்கத் தெரிந்தவர்கள், தப்பு நடந்தால் சொல்லும் வசதியையும் எல்லாருக்கும் கொடுத்திருக்கலாம். கொடுக்கும் வரைக்கும் அந்த வேலையை ஒரு பென் டிரைவும் ஒரு ராத்திரியும்தான் செய்ய வேண்டும்.

எல்லாம் தேறிய பிறகு, கோளாறு இருந்த நாட்களில் போட்ட விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அந்த நாட்களில் நகலெடுத்த கோப்புகளைப் பழைய வட்டிலிருந்து மறுபடி எடுங்கள். ஆக, ஃபார்மட் பண்ணச் சொன்ன நண்பரும் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.