பார்த்த பின் படம் எடுப்போம்



விடுமுறையில் கன்னியாகுமரிக்குச் செல்கின்றோம். கதிரவன் உதிக்கும் முன்பே கைப்பேசியை உயர்த்திவிடுகின்றோம். நூறு படங்கள் எடுத்துத் திரும்புகின்றோம். "கடல் என்ன நிறத்தில் இருந்தது?" என்று வீட்டில் பாட்டி கேட்டால், பதில் கூறக் கைப்பேசியைத் தேடுகின்றோம்! கண்ணிருந்தும் காணாதவர் ஆனோம் அன்றோ?

நம் பெற்றோர் காலத்தில் ஒரு படச்சுருளில் 36 படங்களே எடுக்க இயலும். ஆகவே ஒவ்வொரு படத்திற்கு முன்னும் சிந்தனை இருந்தது. இன்று சுருளுக்குச் செலவில்லை, சிந்தனையும் குறைந்துவிட்டது.

அமெரிக்க உளவியல் பேராசிரியை லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் கண்களைத் திறக்கின்றது. கலைக்கூடத்திற்குச் சென்ற மாணவர்களிடம், சில பொருள்களைப் படம் எடுக்கவும், வேறு சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் அவர் கூறினார். மறுநாள் சோதித்தபோது, படம் எடுத்த பொருள்களே குறைவாக நினைவில் நின்றன. ஆனால் ஒரு பொருளின் ஏதேனும் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தபோது அக்குறை காணப்படவில்லை. கருவி ஒன்றே, கவனம்தான் வேறு.

ஆதலால் நாம் ஒரு பழக்கம் மேற்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஒரே ஒரு படம். மழை விட்டபின் துணிக்கொடியில் வரிசையாய் நிற்கும் நீர்த்துளிகள், பூத்தொடுக்கும் அம்மாவின் விரல்கள், சமையலறைச் சன்னல் வெயிலில் எழும் இட்லியின் ஆவி, இவை போதாவா? ஒளி எப்பக்கமிருந்து வருகின்றது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று எண்ணி, கை நடுங்காமல் நிற்கும் அந்த ஒரு நிமிடம் தேர்வு அச்சமும் தோழியுடன் கொண்ட பிணக்கும் சற்றே விலகி நிற்கும். கற்பனை பிறப்பதும் அப்போதுதான்.

விலையுயர்ந்த கைப்பேசி இல்லையே எனச் சிலர் வருந்தலாம். அம்மாவின் பழைய கைப்பேசியே போதும். ஆனால் எடுத்த உடனே பலருக்கும் அனுப்பி, எத்தனை பேர் பாராட்டினர் என்று எண்ணத் தொடங்கினால், கிடைத்த அமைதி பறந்துவிடும். பிறர் முகத்தை அவர் சம்மதமின்றி எடுப்பதும் பண்பாகாது.

இவ்வாறு ஓராண்டு செய்தால் 365 படங்கள் சேரும். அவற்றை எப்போது புரட்டினாலும், அந்தந்த நாள் நம் நினைவில் எழும். இன்றே தொடங்குவோம். முதலில் கண்ணால் காண்போம். பின்னர் கருவியைத் தொடுவோம்.